கன் இரண்டு, வண்டி பத்து: பொது சார்ஜிங் இடத்தில் வாடகை வண்டிகளுக்கு வரம்பு வைப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கத்தில், சேலத்திலிருந்து பெங்களூரு போகும் திசையில் எங்கள் மெஸ். வாசலில் மின்சார வண்டிகளுக்கான 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று, அதில் இரண்டு கன், அதாவது வண்டியில் மாட்டும் கைப்பிடி. இரண்டிலும் கால் டாக்சி. ஒரு டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறார். இன்னொருவர் ஆளையே காணோம். பின்னால் ஈரோட்டிலிருந்து வரும் ஒரு குடும்பம். பேட்டரி 9 சதவீதம், பின் சீட்டில் குழந்தை ஒரே அழுகை. அந்த அப்பா இறங்கி வந்து, "என்னங்க, இது சார்ஜிங் ஸ்டேஷனா, டாக்சி ஸ்டாண்டா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே "வாடகை வண்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று தகரத்தில் எழுதி மாட்டினேன். அந்த போர்டு பதினோரு நாள்தான் தொங்கியது. அதை ஏன் கழற்றினேன், அதற்குப் பதிலாக இப்போது என்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹோட்டல், மெஸ், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று வாசலில் சார்ஜர் போட்டிருப்பவர்களுக்கு இது உதவும். அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், நம் ஊருக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி

கிருஷ்ணகிரி ஒரு முச்சந்தி. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒன்று தர்மபுரி, சேலம் பக்கம் போகும். இன்னொன்று வேலூர், சென்னை பக்கம். ஊத்தங்கரை, திருவண்ணாமலை போகிறவர்களும் இங்கேதான் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு காலியாகிறது, ஞாயிற்றுக்கிழமை இரவு நிரம்புகிறது. இரண்டு கூட்டமும் நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். நடுவில் ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட் வண்டிகள், ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் ஆள் ஏற்றும் கம்பெனி கேப்கள், மாம்பழ சீசனில் மண்டிக்கு ஓடும் மின்சார லோடு ஆட்டோக்கள்.

இதோடு மேடும் பள்ளமும் சேர்கிறது. ஓசூர் கிட்டத்தட்ட கிருஷ்ணகிரியை விட 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றே முக்கால் டன் எடையுள்ள வண்டி அந்த 400 மீட்டரை ஏற மட்டுமே ஏறத்தாழ 2 யூனிட் கூடுதலாகத் தின்னும். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதற்கு முன்பே தொப்பூர் கணவாய் ஏற்றம் வேறு. அதனால் வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து இறங்கி வரும்போது நம்மைக் கண்டுகொள்ளாமல் போன வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது நம்மிடம் நின்றுதான் போகும். இரண்டு திசைக்கும் ஒரே விதி வைத்தால் எடுபடாது. எங்கள் பக்கம் ஞாயிறுதான் நெருக்கடி; எதிர்ப்பக்கம் கடை வைத்திருப்பவருக்கு வெள்ளி.

படி 1: இரண்டு வாரம் நோட்டு போடுங்கள்

கோபத்தில் விதி எழுதக் கூடாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இரண்டு வாரம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, வாட்ச்மேன் கையில் பேனா. ஆறு கட்டம் போதும்: வந்த நேரம், கன் மாட்டிய நேரம், அப்போது எத்தனை சதவீதம், எத்தனை சதவீதத்தில் நின்றது, கன்னைக் கழற்றிய நேரம், வண்டியில் ஆள் இருந்ததா. நம்பர் பிளேட் எழுதத் தேவையில்லை. சொந்த வண்டியா வாடகை வண்டியா என்று ஒரு டிக் மட்டும்.

அதைப் பார்ப்பது சுலபம். மின்சார வண்டி எல்லாவற்றுக்கும் பச்சை பிளேட்தான். சொந்த வண்டி என்றால் எழுத்து வெள்ளை, வாடகை வண்டி என்றால் மஞ்சள். ஆனால் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சார்ஜ் முடிந்த நேரத்துக்கும் கன் கழற்றிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். எங்கள் நோட்டில் அந்த இடைவெளி டாக்சிகளிடம் இருந்த அளவுக்கு, சாப்பிட உட்கார்ந்த குடும்பங்களிடமும் இருந்தது. மீன் குழம்பு சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் கன்னைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? அதைப் பார்த்தபோதுதான் என் போர்டு தப்பு என்று முதல் முறையாக உறைத்தது.

படி 2: உங்கள் இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் ஒரு விளக்கம் கொடுத்தது: வண்டிக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு சேவை, அதற்கு மின்சாரச் சட்டப்படி தனி உரிமம் வேண்டாம். அதனால்தான் மெஸ் நடத்துகிற நானும் சார்ஜர் வைக்க முடிந்தது. ஆனால் அதே அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் பொது சார்ஜிங் நிலையம் என்றால் என்ன என்றும் சொல்கின்றன: எந்த மின்சார வண்டியும் வந்து பேட்டரியை நிரப்பிக்கொள்ளக்கூடிய இடம். 'எந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் பொது நிலையம் என்று பதிவு செய்து, ஆப்பில் பொது இடமாகக் காட்டிக்கொண்டு, மஞ்சள் எழுத்து வராதே என்று சொன்னால், இந்த வரையறையோடு நேராக மோதுகிறீர்கள்.

அதே வழிகாட்டுதல்களில் இன்னொரு வகையும் உண்டு: தன் சொந்த வண்டிகளுக்கோ தன் கட்டுப்பாட்டில் உள்ள வண்டிகளுக்கோ மட்டும் வைத்துக்கொள்ளும் நிலையம். பஸ் டிப்போ, கம்பெனி வளாகம், கேப் கம்பெனிகளின் இடம் எல்லாம் இதில் வரும். அங்கே வெளியாரைத் தடுக்கலாம். ஆனால் காசு வாங்கி வெளியாருக்கு விற்கக் கூடாது. நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் சலுகை கேட்க முடியாது.

அரசு நிலத்தில் சார்ஜர் வைத்திருந்தாலோ மானியம் வாங்கியிருந்தாலோ அந்த ஒப்பந்தத்தையும் ஆணையையும் எடுத்து ஒரு முறை வரி வரியாகப் படியுங்கள். பங்க்காரர்கள் தங்கள் எண்ணெய் கம்பெனியைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அலமாரியில் கிடக்கும் காகிதத்தைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

முழுத் தடை உலகத்தில் எங்குமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. டெஸ்லா கம்பெனி 2017 டிசம்பரில் சூப்பர்சார்ஜர் என்ற தன் வேக சார்ஜர்களுக்கு ஒரு விதி போட்டது: டாக்சி, ஆப் வழி சவாரி, சரக்கு டெலிவரி, அரசு வேலை என்று ஓடும் வண்டிகள் அங்கே சார்ஜ் போடக் கூடாது; அந்த மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய வண்டிகளுக்கு இது பொருந்தும். அது ஒரு கம்பெனி தன் வண்டி வாங்கியவர்களுக்காகத் தானே கட்டிய வலை; யார் வண்டி, எங்கே எத்தனை தடவை சார்ஜ் போட்டது என்பதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் வேறு வழியில் போனது. டாக்சிகளுக்கென்றே தனி வேக சார்ஜர்களை ஒதுக்கிக் கொடுத்தது. எனக்கு இரண்டாவதுதான் நம் ஊருக்குப் பொருந்தும் என்று படுகிறது. தடுப்பதற்கு ஆள் போடும் செலவில் இன்னொரு சாக்கெட் போட்டுவிடலாம்.

படி 3: யாரால் அடைப்பு என்று பிரித்துப் பாருங்கள்

'கமர்ஷியல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் விதி உருப்படாது. எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நான்கு விதம்.

சவாரியோடு போகும் டூரிஸ்ட் டாக்சி. உள்ளே பார்ட்டி இருக்கும். டிரைவருக்கு உங்களை விட அவசரம். இவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. மெஸ்ஸில் நான்கு சாப்பாடு கூடுதலாகப் போகும்.

சவாரி முடித்துக் காலியாகத் திரும்பும் டாக்சி. அடுத்த டிரிப் வரும்வரை எங்காவது நிற்க வேண்டும். நிழலும் பாத்ரூமும் டீயும் இருக்கும் இடம் சார்ஜர் வாசல்தான். நெருக்கடி நேரத்தில் கன்னைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இவர். அவரும் வேண்டுமென்று செய்வதில்லை. எங்களிடம் வரும் ஒரு டிரைவர் சொன்னது: அவர் கம்பெனியில் வண்டியை 100 சதவீதத்தோடுதான் அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பிடித்தம். பிறகு அவர் 80இல் எப்படிக் கழற்றுவார்? இந்தப் பேச்சை டிரைவரிடம் பேசிப் பயனில்லை, அவர் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும்.

மூன்றாவது, கம்பெனி ஷிப்ட் கேப். காலை ஷிப்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றும் வரை ஐந்தாறு மணி நேரம் சும்மா நிற்கும் வண்டி. நான்காவது, லோடு ஆட்டோ. சின்ன பேட்டரி, சாதாரண சாக்கெட் போதும். வேக சார்ஜர் பக்கமே வரத் தேவையில்லை. ஆனால் சாக்கெட் எங்கே என்று தெரியாமல் வாசலை மறித்து நிறுத்திவிடுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதுதான் விஷயத்தின் மையம். டாக்சிக்கென்றே 2021இல் வந்த டாடா எக்ஸ்பிரஸ்-டி வண்டியில் அப்போதைய பெரிய பேட்டரி 21.5 யூனிட். வேக சார்ஜரிலேயே காலியிலிருந்து 80 சதவீதம் வர 110 நிமிடம் என்று கம்பெனியே சொன்னது. அதாவது சுமார் 17 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 340 ரூபாய். நிமிடத்துக்கு மூன்று ரூபாய் சொச்சம். 45 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் கார் தனியாக 60 கிலோவாட் கிடைத்தால் 10இலிருந்து 80 வரை 40 நிமிடத்தில் ஏறிவிடும். 31.5 யூனிட், 630 ரூபாய், நிமிடத்துக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல்.

இன்னும் மோசம் ஒன்று உண்டு. சில மெஷின்கள் இரண்டு கன்னும் மாட்டியவுடன் சக்தியைப் பாதிப் பாதியாக, 30க்கு 30 என்று பிரித்துவிடும். பக்கத்து வண்டி 15 கிலோவாட்தான் இழுக்கிறது, மீதி 15 சும்மா கிடக்கிறது என்றாலும் உங்கள் வண்டிக்கு 30க்கு மேல் வராது. 40 நிமிட வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஆக, அடைப்புக்குக் காரணம் எழுத்தின் நிறம் இல்லை. மெதுவாக இழுக்கும் வண்டி வேகமான கன்னில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அது சொந்த வண்டியாக இருந்தாலும் இதே கதிதான்.

என் போர்டு ஏன் இறங்கியது

முதல் வாரத்திலேயே ஒரு சம்பவம். பிளேட்டில் மஞ்சள் எழுத்து; வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். உள்ளே கணவன் மனைவி, வயதான அம்மா. தாங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்த வண்டி. முன்னே சொன்ன பொறி இதுதான்: செல்ப் டிரைவ் வண்டிக்கும் வாடகைப் பதிவுதான், மஞ்சள் எழுத்துதான். சேலத்தில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறார்கள். பேட்டரி 12 சதவீதம். நான் ஓடி வருவதற்குள் அந்த அம்மா என் வாட்ச்மேனிடம், "நாங்க என்னப்பா பாவம் பண்ணோம்?" என்று கேட்டுவிட்டார். ஆப்பில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. அது பரவாயில்லை, அந்தக் கேள்விதான் போகவில்லை.

இன்னொரு பக்கம், வெள்ளை எழுத்து வண்டிகள் போர்டைப் பார்த்துத் தெம்பாகி மூன்று மணி நேரம் நின்றன. திங்கள் முதல் வியாழன் வரை மதியச் சாப்பாட்டுக்கு வரும் டிரைவர்கள் வருவதை நிறுத்தினார்கள். வார நாட்களில் சார்ஜர் ஈ ஓட்டியது. சார்ஜர் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வருவதில்லையே.

படி 4: விதியை எழுதுங்கள்

இப்போது எங்களிடம் ஓடுகிற விதியைச் சொல்கிறேன். எண்களை உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்னால் வண்டி காத்திருந்தால் யாராக இருந்தாலும் 80 சதவீதம் அல்லது 45 நிமிடம், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்தம். பின்னால் யாரும் இல்லையென்றால் 100 வரை போட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷம். ஏன் 80? வேக சார்ஜரில் பெரும்பாலான வண்டிகள் 80க்கு மேல் பேட்டரியைக் காப்பாற்றத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு வண்டி பெங்களூரு போய்ச் சேரும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

சார்ஜ் நின்றதிலிருந்து 10 நிமிடம் இலவசம். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு 5 ரூபாய். இதைத் தண்டனை என்று சொல்லாமல் 'நிறுத்தக் கட்டணம்' என்று எழுதுங்கள்; வார்த்தை மாறினால் சண்டை பாதி குறைகிறது. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு விலக்கு கொடுக்கலாம் என்று என் மனைவி சொன்னார். ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு வடையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். விலக்கு இல்லை.

நெருக்கடி நேரம் என்று எங்களுக்கு ஞாயிறு மாலை 4 முதல் இரவு 10 வரை. பொங்கல், தீபாவளி லீவு முடிந்து திரும்பும் நாள் முழுவதும். அந்த நேரத்தில் மட்டும் இரண்டு கன்னில் ஒன்றைப் 'பயணக் கன்' என்று ஒதுக்குகிறோம். வண்டியில் பயணிகள் இருந்தால் அதில் போடலாம். எழுத்து மஞ்சளோ வெள்ளையோ ஒன்றுதான். காலி டாக்சி இன்னொரு கன்னுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதிலும் 30 நிமிடம். வாட்ச்மேன் பார்க்க வேண்டியது பிளேட்டை இல்லை, பின் சீட்டை. இதுதான் இந்த ஏற்பாட்டிலேயே நன்றாக வேலை செய்கிற பகுதி.

இப்படி ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுக்க வேண்டும். இரவு 11 முதல் காலை 6 வரையும், வார நாட்களில் காலை 10 முதல் மாலை 4 வரையும் டாக்சிகளுக்கு யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவு. பகல் நேரத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்கள் காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய மின்சார நேரமாக வைத்து, அப்போது சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் மலிவாக இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் இணைப்புக்கு எந்த நேரத்தில் என்ன கட்டணம் விழுகிறது என்று ஈ.பி. ஆபீஸில் கேட்டு, பில்லையும் ஒப்பிட்டுவிட்டுச் சலுகையை முடிவு செய்யுங்கள். கையைக் கடிக்கிற சலுகை மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது.

விதிக்கு விலக்கும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேன் தலையில் விழும். எங்களுக்கு இரண்டே விலக்கு. 10 சதவீதத்துக்குக் கீழ் வரும் எந்த வண்டிக்கும், காலி டாக்சியாக இருந்தாலும், உடனே 15 நிமிடம் கொடுப்போம். ஓசூர் ஏற்றத்தில் நடுவில் நின்றுபோன வண்டியை இழுக்க ஆகும் செலவு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கேஸ் என்றால் கேள்வியே இல்லை.

படி 5: பின்பக்கம் மெதுவான சாக்கெட் போடுங்கள்

இதைச் செய்யாமல் மேலே உள்ள விதி எதுவும் நிற்காது என்பது என் அனுபவம். காலி டாக்சியைப் பார்த்து 'போ' என்று சொல்ல முடியாது, 'அங்கே போ' என்று சொல்லத்தான் முடியும்.

16 ஆம்பியர் சாக்கெட்டில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். ஷிப்ட் கேப் ஆறு மணி நேரம் நின்றால் 18 யூனிட், அந்த 21.5 யூனிட் பேட்டரிக்கு அது தாராளம். வேக சார்ஜரில் இரண்டு மணி நேரம் அடைத்துக்கொண்டு ஏற்றியதை இங்கே யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஏற்றிவிடலாம். நாங்கள் மெஸ்ஸின் பின்பக்கம், புளியமரத்து நிழலில் நான்கு சாக்கெட் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், லோடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் தனி எம்.சி.பி. சுவிட்ச், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதனை. மழைத்தண்ணீர் படாமல் மேலே தகரம். பழைய ஒயரை நீட்டி ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி ஒப்பேற்றும் வேலை மட்டும் வேண்டாம். மணிக்கணக்கில் முழு லோடு ஓடும் ஒயர் அது, சூடேறும். கூடுதல் லோடுக்கு ஈ.பி.யில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்தோம். டிரைவர்கள் பின்பக்கம் தானாகப் போக ஆரம்பித்ததற்கு யூனிட் விலையை விட அந்தக் கட்டில்தான் காரணம் என்பது என் சந்தேகம்.

படி 6: சாப்ட்வேரில் எதைக் கேட்க வேண்டும்

சார்ஜர் விற்றவர் ஒரு நிர்வாக சாப்ட்வேர் கொடுத்திருப்பார். அதில் பாதி வசதிகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவரிடம் போனில் இவற்றைக் கேளுங்கள்:

- நேரத்துக்கு நேரம் வேறு கட்டணம் வைக்க முடியுமா?
- சார்ஜ் முடிந்த பிறகு நிறுத்தக் கட்டணத்தை வாலட்டிலிருந்து தானாகப் பிடிக்குமா, எத்தனை நிமிடம் கழித்து?
- சதவீதத்தில் அல்லது நிமிடத்தில் நிறுத்தும் வரம்பு வைக்க முடியுமா?
- டாக்சி கம்பெனிக்குத் தனி கார்டு கொடுத்து, அந்தக் கார்டுக்கு மட்டும் தனிக் கட்டணமும் தனி நேரமும் வைக்க முடியுமா?
- இரண்டு கன்னுக்கும் சக்தி எப்படிப் பிரிகிறது? தேவைக்கு ஏற்ப மாறுமா, பாதிப் பாதிதானா?

சதவீத வரம்பு வேக சார்ஜரில்தான் நடக்கும். அங்கே வண்டி தன் பேட்டரி நிலவரத்தை மெஷினுக்குச் சொல்லும். பின்பக்கத்துச் சாதாரண சாக்கெட்டுக்கு அது தெரியாது. அங்கே நேரம்தான் அளவு. ஆப்பில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்யும் வசதி இருந்தால் நெருக்கடி நேரத்தில் பயணக் கன்னுக்கு மட்டும் திறந்து விடுங்கள். பதிவு செய்தவர் 15 நிமிடம் தாமதித்தால் ரத்து. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் ஓடிக்கொண்டிருந்த சார்ஜ் அறுந்துவிடும். அப்போது அதே வண்டிக்கு மீதி நேரத்தைக் கொடுக்க வேண்டும். புதிதாக 45 நிமிடம் இல்லை. நோட்டு இருந்தால்தான் இந்தச் சண்டையைத் தீர்க்க முடியும்.

படி 7: போர்டும் வாட்ச்மேனும்

போர்டு தமிழில் மட்டும் போதாது. கே.ஏ. என்ற கர்நாடகப் பதிவு வண்டிகள் நிறைய வருகின்றன. குப்பம் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்களும் வருகிறார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதினோம். எங்கள் தமிழ் வாசகம் இது:

"வரிசை இருந்தால் 80 சதவீதம் அல்லது 45 நிமிடம். சார்ஜ் முடிந்து 10 நிமிடத்துக்குப் பின் நிமிடத்துக்கு 5 ரூபாய். ஞாயிறு மாலை 4 முதல் 10 வரை 2ஆம் கன் பயணிகள் உள்ள வண்டிக்கு மட்டும். டாக்சி டிரைவர்களுக்குப் பின்பக்கம் சாக்கெட், ஓய்விடம் உண்டு. வண்டியை விட்டுப் போனால் கண்ணாடியில் போன் நம்பர் வையுங்கள்."

கடைசி வரிக்குக் காரணம் கன்னின் பூட்டு. பெரும்பாலான கார்களில் சார்ஜ் நின்றாலும், வண்டியைத் திறக்கும் வரை கன் வண்டியோடு பூட்டியேதான் இருக்கும். டிரைவர் இல்லாமல் வாட்ச்மேன் இழுத்தால் கன் உடையும், வண்டியின் சாக்கெட்டும் போகும். எங்களிடம் ஒரு முறை நடந்தது. இன்னொருவர் இழுத்துப் பார்த்தார், பிளாஸ்டிக் மூடி கையோடு வந்தது. ஆக, ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். சின்ன அட்டை ஒரு கட்டு வைத்திருக்கிறோம். நம்பரை எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டு, போகும்போது அவர்களே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். நாங்கள் சேர்த்து வைப்பதில்லை.

எங்கள் வாட்ச்மேன் முன்பு லாரியில் ஓடியவர். டிரைவரிடம் பேசத் தெரிந்தவர். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கல்லாவில் உட்கார்ந்து கேட்டது:

"தம்பி, பார்ட்டி இருக்காங்களா, எம்ப்ட்டியா?"

"எம்ப்ட்டிதான்ணா. சேலத்துல எறக்கிட்டு வரேன்."

"எவ்ளோ இருக்குது?"

"முப்பத்தி நாலு."

"அப்ப ஓசூர் தாராளமா போயிடலாம். இல்ல, நின்னுதான் போவணும்னா பின்னாடி புளியமரத்தாண்ட போட்டுக்கப்பா. கட்டில் இருக்குது, ஒரு மணி நேரம் கண்ணசந்துட்டுப் போ. இங்க நின்னா உனக்கும் முப்பது நிமிஷம்தான்."

அவர் பின்னால் போனார். 'அனுமதி இல்லை' என்ற வார்த்தை எங்கும் வரவில்லை. வாட்ச்மேனுக்கு விதியை மனப்பாடம் செய்ய வைப்பதை விட, கேட்க வேண்டிய இரண்டு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள்: ஆள் இருக்கிறதா, எத்தனை சதவீதம். மீதி அவரே பார்த்துக்கொள்வார். இன்னொன்று, நிறுத்தக் கட்டணத்தை ஒருபோதும் வாட்ச்மேன் கையில் ரொக்கமாக வாங்க விடாதீர்கள். அது ஒரு நாள் அவரையே சிக்கலில் மாட்டிவிடும்.

படி 8: டாக்சி கம்பெனியோடு ஒரு தாள்

ஒரே கம்பெனியின் வண்டிகள் வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் வந்தால் அவர்கள் சூப்பர்வைசரை அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். இரண்டு பக்கத் தாள் போதும். எந்தெந்த நேரம், யூனிட் என்ன விலை, மாதம் எத்தனை யூனிட் எடுப்பார்கள், பணம் எத்தனாம் தேதிக்குள், நெருக்கடி நேரத்தில் என்ன வரம்பு. சார்ஜிங் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, விலை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதாமல் விட்டால் முதல் பில்லிலேயே முகம் சுருங்கும்.

இந்தப் பேச்சில்தான் அந்த 100 சதவீத விஷயத்தையும் எடுத்தோம். ஷிப்ட் மாற்றும்போது 80 போதும் என்று ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது; மீதியை இரவு எங்கள் பின்பக்கச் சாக்கெட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். இன்னொன்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வண்டிகளுக்குச் சலுகை விலை இல்லை, மற்றபடி எல்லோருக்கும் உள்ள விதிதான்.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு

ஓசூர் பக்கம் அபார்ட்மென்ட்களில் கேள்வி வேறு. குடியிருப்பவரே டாக்சி ஓட்டுகிறார், பொது சார்ஜரில் தினமும் போடுகிறார், மற்றவர்களுக்குக் கோபம். அவரும் பராமரிப்புப் பணம் கட்டுகிறவர்தான், தொழிலைப் பார்த்துத் தடுப்பது நியாயமாகாது. யூனிட் கணக்கை வீட்டு வாரியாகப் பிரித்து, ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வைத்து, மேலே போனால் கூடுதல் விலை வையுங்கள். அவருடைய நிறுத்துமிடத்திலேயே தன் செலவில் சொந்த மீட்டரோடு சாக்கெட் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

படி 9: மாதம் ஒரு முறை நோட்டைத் திறங்கள்

நாங்கள் முதலில் நெருக்கடி நேரத்தை இரவு 8 மணியோடு முடித்திருந்தோம். நோட்டைப் பார்த்தால், மதுரை, கோயம்புத்தூர் பக்கம் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புகிறவர்கள் நம்மிடம் வந்து சேருவதே எட்டரைக்கு. அதனால் 10 ஆக்கினோம். காலி டாக்சிக்கு 20 நிமிடம் என்று வைத்திருந்ததை, மெதுவாக இழுக்கும் வண்டிகளுக்கு 20 நிமிடத்தில் ஐந்து யூனிட்தான் ஏறுகிறது என்று டிரைவர்கள் முறையிட்டதால் 30 ஆக்கினோம். மாம்பழ சீசனில் லோடு ஆட்டோக்காரர்களுக்காகப் பின்பக்கம் இரண்டு சாக்கெட்டை அதிகாலை 4 மணிக்கே திறந்துவிடுகிறோம். மண்டி நேரம் அது.

விதியை மாற்றினால் போர்டையும் அன்றே மாற்றுங்கள், ஆப்பிலும் மாற்றுங்கள். ஒன்றில் 20, ஒன்றில் 30 என்று இருந்த நான்கு நாளில் வந்த சண்டை, முன்பு நான்கு மாதத்தில் வரவில்லை.

அந்தப் பழைய தகர போர்டை வீணாக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெயிண்ட் அடித்து, புளியமரத்துப் பக்கம் அம்புக்குறி வரைந்து மாட்டியிருக்கிறோம். "டிரைவர் அண்ணன்மார்களுக்கு இந்தப் பக்கம்" என்று எழுதியது வாட்ச்மேன்தான். இரண்டு 'ண'வுக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறார். யாரும் வழி தவறவில்லை.